‘இட் குட் பி ஆர்க்யூட் தட்’ எங்கே இடறுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ், எம்ஏ ஆய்வேட்டோடு மல்லுக்கட்டும் பையன், ஊர்க்காரர்களுக்காக அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதும் பெண். எழுதும் விஷயம் வேறுவேறு. ஆனால் மூவர் தாளிலும் சிவப்பு மை விழும் இடம் ஒன்றுதான்: வாதத்தைத் தொடங்கி வைக்கும் வாக்கியம்.

‘இட் குட் பி ஆர்க்யூட் தட்’, ‘இட் மே பி சஜஸ்டட் தட்’, ‘இட் சீம்ஸ் தட்’. இப்படியும் வாதிடலாம், இப்படிக் கருத இடமுண்டு, இப்படித் தோன்றுகிறது என்று அடித்துச் சொல்லாமல் கொஞ்சம் இடம்விட்டுச் சொல்லும் தொடர்கள் இவை. ஆங்கிலத்தில் ஹெட்ஜ் என்பார்கள், அதாவது வேலி. ஜார்ஜ் லேக்காஃப் 1972-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மொழியியலில் இந்தப் பெயர் நிலைத்தது. எங்கள் வகுப்பில் ‘தணிப்புத் தொடர்’ என்கிறோம்.

உங்கள் தாளில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது.

முதலில் இந்தச் சோதனை

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி மூன்று வாக்கியங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. இது பதிவில் இருக்கிறது. ‘வாஸ் ஓப்பன்ட் இன் 1856’ என்று எழுதிவிட்டு நகரலாம், எந்தத் தணிப்பும் வேண்டாம்.

நாட்டில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. இது பலரும் சொல்லிவருவது. நாம் போய் ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து பார்க்கவில்லை. ஆகவே ‘இட் இஸ் வைட்லி ரிகார்டட் ஆஸ்’ என்று சொன்னவர்கள் பக்கம் பொறுப்பைக் காட்ட வேண்டும்.

ரயில் வந்ததால்தான் வடசென்னை தொழிலாளர் பகுதியாக வளர்ந்தது. இது நாமாக எட்டிய முடிவு. துறைமுகத்துக்கு இதில் பங்கில்லையா, பெரம்பூர் பின்னி மில்லுக்குப் பங்கில்லையா என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ‘இட் குட் பி ஆர்க்யூட் தட்’ உட்கார வேண்டிய இடம் இதுதான்.

கண்டது அல்லது பதிவானது, பிறர் சொன்னது, நாம் முடிவாக எடுத்தது. உங்கள் தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் 1, 2, 3 என்று பென்சிலால் குறியுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்தக் குறியிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: கண்ணால் கண்டதே சந்தேகத்துக்குரியதாகப் படிக்கப்படுகிறது

எனக்கு மிகவும் வலிக்கிற கோளாறு இது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது நினைவிருக்கும். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வகுப்புக்கு வரும் பெண், அதைப் பற்றி ஒரு மனு எழுதி எடுத்துவந்தாள். முதல் வரி இப்படி இருந்தது: ‘இட் மே பி சஜஸ்டட் தட் தேர் வாஸ் ஆயில் ஆன் த வாட்டர்.’ தண்ணீரில் எண்ணெய் இருந்ததாகக் கருத இடமுண்டாம்.

“எண்ணெய நீ பாத்தியா?”

“பாத்தேன்க்கா. காலெல்லாம் ஒட்டிக்கிச்சு.”

“அப்பா வலைய என்ன பண்ணாரு?”

“கெரசின் ஊத்தித் தேச்சுப் பாத்தாரு. போகல. அப்படியே தூக்கிப் போட்டுட்டாரு.”

“அப்புறம் ஏன் ‘மே’ போட்ட?”

“ஆபீஸ் இங்கிலீஷ்ல அப்படித்தானேக்கா எழுதணும்?”

அலுவலக ஆங்கிலம் என்றால் பணிந்து பேச வேண்டும், பணிவு என்றால் ‘மே’ போட வேண்டும் என்று எங்கோ கற்றிருக்கிறாள். மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு அந்த வரி என்ன சொல்கிறது? எழுதியவருக்கே உறுதியில்லை என்கிறது. தன் காலில் ஒட்டிய எண்ணெயைத் தானே இல்லை என்று எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது.

சரிசெய்யும் முறை: 1 என்று குறித்த வாக்கியங்களிலிருந்து தணிப்பை முழுவதும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நாள், இடம், பொருள் மூன்றையும் வையுங்கள். ‘தேர் வாஸ் ஆயில் ஆன் த வாட்டர். இட் கோட்டட் அவர் நெட்ஸ், அண்ட் கெரசின் டிட் நாட் ரிமூவ் இட்.’ தண்ணீரில் எண்ணெய் இருந்தது, வலைகளில் படிந்தது, கெரசினுக்கும் போகவில்லை. சின்ன வாக்கியங்கள். யாராலும் அசைக்க முடியாது.

அடுத்த பத்தியில் அவள் எழுதியிருந்தது இதற்கு நேர்மாறு. பிறகு வந்த மாதங்களில் நண்டும் இறாலும் குறைந்ததற்கு இந்த எண்ணெய் மட்டும்தான் காரணம் என்று அடித்து எழுதியிருந்தாள். தணிப்பு தேவைப்பட்ட இடம் அதுதான், அங்கே அது இல்லை. பாடு, அதாவது வலையில் கிடைப்பது, குறைந்தது அவள் வீடு கண்ட உண்மை, அதைத் தயங்காமல் எழுதலாம். எண்ணெயால் குறைந்தது என்பது முடிவு. எதிரே உட்கார்ந்திருப்பவர் புயலைச் சொல்வார், பருவத்தைச் சொல்வார், கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கும் நிலக்கரிச் சாம்பலைக்கூடச் சொல்வார். ‘மட்டும்தான்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனு முழுவதையும் தள்ளிவிடுவார்.

அந்த வாக்கியத்தை ‘த ஸ்பில் இஸ் லைக்லி டு ஹாவ் ரெட்யூஸ்ட் அவர் கேட்ச்’ என்று மாற்றினோம். எண்ணெய்க் கசிவு எங்கள் மீன்பாட்டைக் குறைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். ‘பாசிபிள்’, ‘மே’, ‘லைக்லி’, ‘ஆல்மோஸ்ட் சர்டன்லி’ என்று படி ஏறிக்கொண்டே போகும். கையில் இருக்கும் ஆதாரம் எந்தப் படியைத் தாங்குமோ அதில் நிற்க வேண்டும். வலை கறுத்த படமும் ஏலக் கணக்கு நோட்டும் அவளிடம் இருந்தன. அதனால் ‘லைக்லி’ வரை தைரியமாக ஏறினோம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புகளுக்கு எழுத்து மூலமாகவும் கருத்து அனுப்பலாம். வடசென்னையில் இப்படி எழுதும் தேவை ஓயப்போவதில்லை. அதனால்தான் இந்த ஒரு கோளாறையாவது எல்லோரும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அறிகுறி: ‘திஸ் கேன் பி த ரீசன்’ என்று எழுதினால் அடிக்கோடு விழுகிறது

தமிழில் ‘-லாம்’ எல்லா வேலையும் செய்கிறது. ‘நீ போகலாம்’ என்பது அனுமதி. ‘மழை வரலாம்’ என்பது வாய்ப்பு. ‘இதுதான் காரணமாக இருக்கலாம்’ என்பது ஊகம். ஆங்கிலம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. குறிப்பிட்ட ஒன்றைப் பற்றி ஊகிக்கும்போது ‘கேன்’ வராது. ‘மே’, ‘மைட்’, ‘குட்’ மூன்றில் ஒன்று வரும்: ‘திஸ் மே பி த ரீசன்.’

பொதுவாகச் சில சமயம் நடக்கக்கூடியதைச் சொல்லும்போது ‘கேன்’ சரி. ‘ஹெவி ரெயின் கேன் டிலே த ட்ரெயின்ஸ்’ என்றால் பெருமழை ரயிலைத் தாமதமாக்குவதுண்டு. ‘இட் கேன் பி ஆர்க்யூட் தட்’ என்பதும் சரியே, ஏனென்றால் அங்கே பேச்சு ‘வாதிட முடியும்’ என்பதைப் பற்றி. ‘குட்’ போட்டால் சற்று விலகி நிற்கும், ‘மைட்’ இன்னும் கொஞ்சம் விலகும்.

எதிர்மறையில் கவனம் கூடுதலாக வேண்டும். ‘மே நாட் பி த ரீசன்’ என்றால் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ‘கெனாட் பி த ரீசன்’ என்றால் காரணமாக இருக்கவே முடியாது. ஆய்வேட்டில் இரண்டும் இடம் மாறினால் முடிவே மாறிவிடும்.

அறிகுறி: ஆதரித்து எழுதியது மறுத்ததாகப் புரிந்துகொள்ளப்படுகிறது

‘ஆர்க்யுவபிள்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பெரும்பாலும் கோளாறு அதில்தான். அதற்கு இரண்டு முகம். ‘இட் இஸ் ஆர்க்யுவபிள் தட்’ என்றால், இப்படி வாதிட நல்ல இடம் இருக்கிறது. ‘இட் இஸ் ஆர்க்யுவபிள் வெதர்’ என்றால், அது சந்தேகம்தான். வெறுமனே ‘திஸ் க்ளெய்ம் இஸ் ஆர்க்யுவபிள்’ என்று நிறுத்தினால் படிப்பவர் எப்படியும் எடுத்துக்கொள்வார், பெரும்பாலும் சந்தேகத்தின் பக்கமே சாய்வார்.

ஆதரிக்க வேண்டுமா? ‘ஆர்க்யுவப்ளி’ என்று வினையடையாக மாற்றுங்கள். அது ஆதரவின் பக்கமே நிற்கும். சந்தேகிக்க வேண்டுமா? ‘டவுட்ஃபுல்’ அல்லது ‘டிபேட்டபிள்’ போடுங்கள். ‘ஆர்க்யுவபிள்’ இல்லாமலே ஓர் ஆய்வேட்டை எழுதி முடிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அறிகுறி: மறுக்க எடுத்துவந்த கருத்து உங்கள் கருத்தாகிவிட்டது

ஐஇஎல்டிஎஸ் இரண்டாம் கட்டுரையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். 40 நிமிடம், குறைந்தது 250 சொல். உங்கள் நிலைப்பாடு கட்டுரை முழுவதும் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நர்ஸ் எழுதியது நகர மையத்தில் சொந்தக் கார்களைத் தடைசெய்வது பற்றி. தடை வேண்டும் என்று தொடங்கினார். இரண்டாம் பத்தியில் ‘இட் குட் பி ஆர்க்யூட் தட் கார்ஸ் கிவ் பீப்பிள் ஃப்ரீடம்’ என்று எழுதி, காரின் நன்மைகளை 5 வரி அடுக்கினார். பிறகு பத்தி முடிந்துவிட்டது. படிப்பவருக்கு அவர் கட்சி மாறியதாகவே தோன்றும்.

பட்டிமன்றத்தில் பேச்சாளர் ‘எதிரணி நண்பர்கள் சொல்லலாம்…’ என்று இழுக்கும்போதே அடுத்து வெட்டப்போகிறார் என்று கூட்டத்துக்குத் தெரியும். குரலும் கையும் அதைச் சொல்லிவிடுகின்றன. தாளில் குரல் இல்லை. ஆகவே திருப்பத்தை எழுத்திலேயே காட்ட வேண்டும், அதையும் சீக்கிரம் காட்ட வேண்டும். எதிர்க்கருத்துக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் ‘ஹவெவர்’ அல்லது ‘பட்’ வந்துவிட வேண்டும்.

யாருடைய கருத்து என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். மற்றவர் கருத்துக்கு ‘சம் மே ஆர்க்யூ தட்’. உங்களுடையதற்கு ‘ஐ வுட் ஆர்க்யூ தட்’. ‘ஐ’ போடக்கூடாது என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். அந்தத் தேர்வில் உங்கள் கருத்தைத்தான் கேட்கிறார்கள், தாராளமாகப் போடலாம். ஆய்வேட்டுக்கு மட்டும் வழிகாட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘அக்கார்டிங் டு மீ’ இருந்தால் ‘இன் மை வியூ’ என்று மாற்றுங்கள். ‘அக்கார்டிங் டு’ பிறர் சொன்னதற்கு மட்டும்.

அறிகுறி: ஓரத்தில் ‘ஹூ சேஸ்?’ என்று எழுதித் திருப்பிவிட்டார்கள்

யார் சொன்னது என்று கேட்கிறார்கள். மூன்று தொடர்கள் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், சுமக்கும் பொறுப்பு வேறு. ‘இட் ஹாஸ் பீன் ஆர்க்யூட் தட்’ என்றால் யாரோ ஏற்கெனவே வாதிட்டிருக்கிறார்கள், அவர் பெயரும் ஆண்டும் உடனே வர வேண்டும். ‘இட் இஸ் ஆஃபன் ஆர்க்யூட் தட்’ என்றால் ஒருவர் போதாது, இரண்டு மூன்று பேரைக் காட்ட வேண்டும். ‘இட் குட் பி ஆர்க்யூட் தட்’ என்பதற்கு யார் பெயரும் வேண்டாம். அதற்குப் பதில் காரணத்தை நீங்கள் தர வேண்டும்.

இது நமக்குப் புதிய பழக்கமில்லை. தொல்காப்பியத்தின் முதல் சூத்திரத்திலேயே எழுத்து ‘முப்பஃது என்ப’ என்று வருகிறது. முப்பது என்று சொல்வார்கள் என்கிறார். ‘என்மனார் புலவர்’ என்று நூல் நெடுக வந்துகொண்டே இருக்கும். தனக்கு முன் சொன்னவர்களைச் சுட்டிவிட்டுச் சொல்லும் நாகரிகம் அது. ஆய்வேட்டில் அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போடும்போது செய்வது அதே வேலைதான்.

அறிகுறி: வாக்கியம் நகரவே மாட்டேன் என்கிறது

‘இட் மே பெர்ஹாப்ஸ் பி பாசிபிள் தட் திஸ் குட் இண்டிகேட்.’ ஒரே வாக்கியத்தில் நான்கு தணிப்பு. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மிச்சத்தை வாய்விட்டுப் படியுங்கள். அதிகமாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றினால் ஒன்றை மட்டும் திருப்பி வையுங்கள்: ‘திஸ் மே இண்டிகேட்.’ ‘மே வெல்’, ‘மைட் வெல்’ மட்டும் விதிவிலக்கு. அங்கே ‘வெல்’ என்பது தணிக்காது, வாய்ப்பைக் கூட்டிக் காட்டும்.

அறிகுறி: கட்டுரை கோர்ட் மனுபோல் இருக்கிறது என்கிறார்கள்

‘இட் இஸ் ஹம்ப்ளி சப்மிட்டட் தட்.’ பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவுக்குள் போனால் இந்த ஆங்கிலம்தான் டைப்பாகிக் கொண்டிருக்கும். நம் பிள்ளைகள் வீட்டில் பார்த்த முதல் முறையான ஆங்கிலத் தாள் பல சமயம் ஒரு வக்கீல் நோட்டீஸ்தான். அந்த நடை கையில் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

வழக்கறிஞர் ‘ஐ பிலீவ்’ என்று தன் சொந்த நம்பிக்கையைச் சொல்லாமல், கட்சிக்காரருக்காக வாதத்தை நீதிபதி முன் வைக்கிறார். அதைத்தான் ‘சப்மிட்’ குறிக்கிறது. முடிவு சொல்வது நீதிபதியின் வேலை. அந்த இடத்தில் அது சரியான சொல், அதில் தயக்கம் எதுவும் இல்லை. கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ எதிரே நீதிபதி இல்லை. அங்கே ‘த எவிடன்ஸ் சஜஸ்ட்ஸ் தட்’ என்று ஆதாரத்தை எழுவாயாக்கிப் பேசவிடுங்கள். ‘ஹம்ப்ளி’யை எடுத்துவிடலாம், மரியாதை குறையாது.

அறிகுறி: எல்லாமே அடித்துச் சொன்னதாக இருக்கிறது

‘ஃபுட்பால் கீப்ஸ் சில்ட்ரன் அவே ஃப்ரம் க்ரைம்.’ வியாசர்பாடிப் பையன் ஒருவன் எழுதியது. பந்து அவன் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது, அந்த வேகம் வாக்கியத்தில் தெரிகிறது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் எப்போதும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வாரே. முன்னால் ‘இட் குட் பி ஆர்க்யூட் தட்’ ஒட்டினால் உயிர் போய்விடும். வினையிலேயே தணிக்கலாம்: ‘கேன் ஹெல்ப் டு கீப்’. எண்ணிக்கையிலும் தணிக்கலாம்: ‘மெனி சில்ட்ரன்’. ஓரிரு சொல்லோடு வேலை முடிந்தது, வேகமும் போகவில்லை.

“மே, மைட் எல்லாம் போட்டா பயந்து எழுதுற மாதிரி இருக்காதாக்கா?” என்று கேட்டான். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953-ல் நேச்சர் இதழில் வெளியிட்டபோது, கட்டுரையின் தொடக்கமே ‘வீ விஷ் டு சஜஸ்ட்’. ஓர் அமைப்பைப் பரிந்துரைக்க விரும்புகிறோம் என்று தொடங்கினார்கள். பயந்தவர்கள் எழுதிய கட்டுரையா அது?

அறிகுறி: தொடர் சரி, ஆனாலும் வாதம் நிற்கவில்லை

வாதத் தொடருக்குப் பிறகு வரும் வாக்கியத்தைப் பாருங்கள். ‘இட் குட் பி ஆர்க்யூட் தட்’ என்பது படிப்பவரிடம் வாங்கிய கைமாற்று மாதிரி. அடுத்த வரியிலேயே ‘பிகாஸ்’ சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலர் அதைச் சொல்லிவிட்டுப் புதுப் பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு தணிப்புத் தொடர் வாக்கியத்தின் முடிவிலும் பென்சிலால் ‘பிகாஸ்’ என்று எழுதி, மிச்சத்தை நிரப்பப் பாருங்கள். நிரம்பினால் அந்தக் காரணத்தைத் தாளில் சேருங்கள். எதுவும் வரவில்லையென்றால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். எம்ஏ பையனின் மூன்றாம் அத்தியாயத்தில் இப்படி 11 வாக்கியங்கள் இருந்தன. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து நிரப்பினான். 4-க்குத்தான் காரணம் கிடைத்தது. அந்த 4-ஐ வைத்தே அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறான்.